முடிச்சவிழ்தலும் மலநீக்கமும்

ஆணவமலம் அநாதியானது, அழிவில்லாத உள்பொருள். இது நம் சித்தாந்தத் துணிபு. “அழியாத மலம் உயிரைப் பற்றி நிற்க, வீடுபேறு எங்ஙனம் கூடும்? வீடு உண்டெனின் மலம் அழிதல் வேண்டும், மலம் அழியாதெனின் வீடு இல்லை” என மறுப்பார் வினவுவர். பாசம் என்னுஞ் சொற்குக் கயிறு என்பது பொருளாகலின், இதற்கு விடையைக் கயிற்றினிடத்தே காண்பாம்.

ஆவினைத் தறியிற் பிணிக்கும் ஒரு முறையை நோக்குக. கயிற்றைத் தறியில் ஒருமுறை சுற்றி, அச்சுற்றின்மேற் குறுக்காக ஏற்றி, மீண்டும் ஒருமுறை சுற்றி, நுனியை இரண்டாஞ் சுற்றின்கீழ்ச் செருகி இறுக்குவர். ஈண்டு ஆணியுமில்லை, பசையுமில்லை. கயிறு தறியொடும் தன்னொடும் உராயும் உராய்வே கட்டாய் நிற்கின்றது. ஆ இழுக்குந்தோறும் சுற்றுக்கள் இறுகி, உராய்வு மிக்குக் கட்டு வலுப்பெறும். அச்சுற்றுக்களைத் தறியின் தலைவழியே கழற்றிக் கயிற்றை இழுப்பின், முடிச்சிருந்த சுவடும் இல்லாது போம். கயிறோ ஓரிழையுங் குறையாது கிடக்கும். நீங்கியது கயிறன்று, அதன் பிணிக்குந் தொழிலே.

மலமும் அங்ஙனமே. முத்தியில் மலமாகிய பொருள் கெடுவதில்லை. உயிரின் அறிவை மறைக்கும் அதன் சத்தியே மடங்குகின்றது. ஆகவே, மலம் நித்தம் என்பதும், வீடு உண்டென்பதும் தம்முள் முரணா.

கயிற்றை அறுத்துவிடலாகாதோ எனின், அறுத்தல் அவிழ்த்தலாகாது. கி.மு. 333-இல் பிரிகிய நாட்டுக் கோர்தியம் நகரில், ஒரு வண்டியின் நுகத்தை ஏர்க்காலொடு பிணித்திருந்த நுனி தெரியாத முடிச்சினை அலெக்சாந்தர் வாளால் வெட்டினான் என்பர். ஏர்க்காலை ஊடுருவியிருந்த முளையை உருவி நுகத்தைக் கழற்றினான் என்னும் வரலாறும் உண்டு. முன்னது கயிற்றைக் கெடுத்தல். பின்னது கட்டு நிற்குமிடம் அறிந்து நீக்கல். சித்தாந்தம் கூறுவது பின்னதனையே ஒக்கும்.

இனி, அவிழ்ப்பவர் யார்? ஆ தன் கட்டைத் தானே அவிழ்க்கமாட்டாது. திமிறத் திமிறக் கட்டு இறுகும். ‘யானே விடுபடுவேன்’ என்னும் முனைப்பொடு செய்யும் நோன்பும் அத்திமிறலே. அற்றேல் சரியை முதலியன வீணோ எனின், வீணல்ல. உடையவன் தறியருகே நின்று அழைக்கின்றான். ஆ அவனை நாடி வரின் கயிறு தொய்யும்; தொய்ந்த கட்டு எளிதின் அவிழும். எனினும், தொய்தல் அவிழ்தலன்று. அவிழ்க்கக் கை வேண்டும், அக்கையே திருவருள். அணுகுதல் உயிரின் கடன். அவிழ்த்தல் இறைவன் செயல்.

ஆவைக் கட்டினார் ஒருவர் உளர். ஆணவப் பிணிப்போ அநாதியாகலின் கட்டினார் இலர். ஆதலின் இவ்வுவமை ஒருபுடை யொப்புமையே என்க.

பூசையும் நோன்பும் பெருகப் பெருக, ‘யான் அடியவன்’ என்னும் பணிவு பெருகுகின்றதா, ‘யான் செய்தேன்’ என்னும் செருக்குப் பெருகுகின்றதா? கயிறு தொய்கின்றதோ இறுகுகின்றதோ என்பதை நாடோறும் நம்மை நாமே வினவி அறிதல் கடன்.

திருச்சிற்றம்பலம்.