எள்ளி நகுதல்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒலிநாடாக் கடைகள் நிறைந்திருந்த காலத்தில், திரைப்பாடல்களோடு நகைச்சுவை உரையாடல்களும் நாடாக்களாக விற்கப்பட்டன. 1863-இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசலால் பெயர் பெற்ற அப்பகுதிக்கு அருகிலேயே, தமிழ்ப்படங்கள் பல்லாண்டு ஓடிய கொலிசியம் திரையரங்கும் இருக்கிறது. நாடா மறைந்து வட்டு வந்தது. வட்டும் மறைந்து கைப்பேசி வந்தது. சனி, ஞாயிறுகளில் கேட்டுச் சிரித்த வசனம் திங்கட்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. கறுத்த மாணவனுக்கு ஒரு பட்டப்பெயர், பருத்த மாணவிக்கு ஒன்று, திக்கிப் பேசுபவனுக்கு இன்னொன்று. பெயர் சூட்டியவனை அழைத்துக் கேட்டால், "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்பான். அவ்விடை எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது என்பதே ஈண்டு எழும் வினா.

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையைத் தொல்காப்பியர் முதலாவதாக வைத்தார். அது பிறக்கும் களங்கள் நான்கனுள் எள்ளலை முன்னிறுத்தினார். இதற்கு உரை வகுத்த பேராசிரியர் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார். பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒரு வகை. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொரு வகை. முதல் வகையை எல்லாரும் அறிவர். இரண்டாவதைப் பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதுவோர் பலராயினும், அதனை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு நடிகரின் வாழ்க்கை துணை செய்யும். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29-இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன், வறுமையின் காரணமாகப் பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே இழந்தவர். வில்லுப்பாட்டில் தொடங்கி, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, 'மேனகா' (1935), 'சதிலீலாவதி' (1936) ஆகியவற்றின் வழியாகத் திரைக்கு வந்தார். 'வசந்தசேனா' படத்தின்பொருட்டுப் புனே சென்றபோது டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார். அவர்கள் வாழ்விலும் கலையிலும் இணையாயினர். இருவரும் தோன்றும் காட்சிகள் பலவற்றில் அறிவால் முந்துபவர் மதுரமே. ஏமாறுபவரும், அகப்பட்டு விழிப்பவரும், இறுதியில் தோற்பவரும் கிருஷ்ணன். மனைவியை ஏளனம் செய்து கைதட்டு வாங்குதல் மேடையில் மிக எளிதாயிருந்த காலம் அது. அவர் தம்மையே எள்ளற்பொருளாக்கிக் கொண்டார். தன்னை எள்ளுவோரோடு தானும் சேர்ந்து சிரித்தல் என்று பேராசிரியர் சொன்னதைத் தொழிலாகவே மேற்கொண்டார் என்று கூறலாம்.

அதே காலத்தில் சென்னையில் வேறொரு வகை எள்ளலும் விலைபோயிற்று. 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய ஏடுகளை நடத்திய இலட்சுமிகாந்தன், திரைக்கலைஞர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பணமாக்கியவர். வாங்கிப் படித்துச் சிரித்தோர் ஆயிரக்கணக்கினர். அவர்களை எவரும் குற்றவாளிகள் எனக் கருதவில்லை. 1944 நவம்பரில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் அவ்வழக்கில் கைதாகி, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறு விசாரணைக்குத் திரும்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர். பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் பழைய நிலையை எட்டவில்லை. கிருஷ்ணன் மீண்டும் சிரிக்க வைத்தார். பழிச்சொல்லால் சிறை வரை சென்று மீண்டவர், திரும்பி வந்தபின் எவரைக் கண்டு சிரிக்கச் சொன்னார் என்று பார்ப்பது பயனுடையது.

விடை 1949-இல் வந்த 'நல்ல தம்பி'யில் கிடைக்கிறது. அறிஞர் அண்ணா எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய அப்படத்தில் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் இடம்பெறுகிறது. நந்தனார் சரித்திரத்தின் சாயலில் அமைந்த கதை அது. நந்தன் தில்லை காண ஏங்கினான். கிந்தன் பட்டணம் காண விரும்புகிறான். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவனான அவன் நகரஞ்சென்று கற்றுக் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். கேட்போர் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். ஆனால் அச்சிரிப்பு கிந்தனின் குலத்தின்மேலோ அறியாமையின்மேலோ விழாமல், அவனைக் கற்கவிடாது தடுத்தவர்கள்மேல் விழுகிறது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் ஒருமுறையேனும் இதனைத் திரையிட்டுக் காட்டலாம்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். காரமில்லாத நகைச்சுவை உப்பில்லாப் பண்டம் அன்றோ எனச் சிலர் கேட்பர். உண்மைதான். கிருஷ்ணனிடமும் காரம் மிகுந்திருந்தது. மூடநம்பிக்கை, போலித்துறவு, கருமித்தனம் எதனையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆயினும் இவை எல்லாம் மனிதன் விரும்பினால் கைவிடக்கூடியவை. தோலின் நிறத்தையும் நாவின் திக்கலையும் எவனாலும் கழற்றி வைக்க முடியாது. 'கரகாட்டக்காரன்' (1989) படத்து வாழைப்பழக் காட்சியை மூன்று தலைமுறை பார்த்துச் சிரித்துவிட்டது. அதில் நோவதற்கு ஏதுமில்லை. பேதைமையும் அதனோடு கலந்த குறும்பும் அங்கே நகையைப் பிறப்பிக்கின்றன. அதே இணையர் வேறு படங்களில் உருவத்தைச் சொல்லிச் சொல்லி அடிக்கும் வசைகளே வகுப்பறைக்கு வந்து பட்டப்பெயர்களாகின்றன.

கைவிடக்கூடியது, கைவிட முடியாதது என்னும் இவ்வளவுகோல் எங்கும் நேராகப் பொருந்துமா? வறுமையும் ஏழையால் உதற முடியாததே. ஆயினும் வறுமையை வைத்துச் சிரிக்க வைத்தோர் உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து நடிகர் தோத்தோ (1898–1967), 1954-இல் வந்த ஒரு படத்தில், பசித்த மனிதராக மேசைமேல் ஏறி ஆடிக்கொண்டே நூலுணவை அள்ளிச் சட்டைப்பைகளில் திணித்துக் கொள்வார். இந்நாட்டுப் பி. ரம்லியும் தம் 'பூஜாங் லாப்போக்' படங்களில் கையில் காசில்லாத மூவருள் ஒருவராகத் தாமே நின்றார். 1973-இல் அவர் மறைந்தபோதும் கையில் பொருளில்லை. இவர்கள் பசியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பசித்தவனின் பக்கம் நின்று சிரித்தார்கள்.

குடிகாரனை நகைப்பதுதான் இன்னும் கடினமான வழக்கு. 'நல்ல தம்பி' மதுவுக்கு எதிராகப் பேசும் படம். சென்னை மாகாணம் முழுவதும் 1948-லேயே மதுவிலக்கு வந்துவிட்டமையால், அங்கே அந்நகைச்சுவை சட்டத்தின் துணையோடு நின்றது. குடியை விடுக என்று சொல்வதில் நியாயம் இருந்தது. மலாயாத் தோட்டங்களில் நிலைமை வேறு. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. உழைத்துக் களைத்தவன் குடியிருப்புக்குத் திரும்பும் வழியிலேயே அது அவனுக்காகக் காத்திருந்தது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மூடக் கோரித் திரண்டபோது, ஆர்வார்ட் தோட்டத் தொழிலாளரும் அதில் நின்றனர். காவலர் தலையீட்டில் முடிந்தது அது. விட விரும்பியவனையும் விடாமல் ஓர் ஏற்பாடு பிடித்து வைத்திருக்கும்போது, தள்ளாடும் நடையைக் கண்டு சிரிப்பது அவனை நோக்கியதா, அவ்வேற்பாட்டை நோக்கியதா? கள்ளுக்கடையை நோக்கிச் சிரிக்க வைத்த நாடகங்கள் மலேசியத் தமிழ் மேடையில் இன்னும் மிகுதியாக வந்திருக்க வேண்டும். பள்ளி ஆண்டு விழாக்களில் குடிகாரத் தந்தையாக வேடமிட்ட சிறுவனே எளிதில் கைதட்டு வாங்கினான். அந்தக் கைதட்டு ஒலித்த மண்டபத்தில் அத்தகைய தந்தையரின் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர்.

எஞ்சியிருப்பது, எள்ளப்பட்டவன் தானும் சிரிக்கும் அந்த இரண்டாம் வகை. கிருஷ்ணன் மேடையில் தம்மைத் தாமே எள்ளியது அவர் தேர்ந்துகொண்ட செயல். எழுதியவரும் நடித்தவரும் அவரே. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் அவர் கையில் இருந்தது. வகுப்பில் ஒரு மாணவன் 'பழம்' என்பதைப் 'பலம்' என்று படிக்கிறான். ஆசிரியர் அதனைத் திரும்பச் சொல்லிக் காட்டுகிறார். நாற்பது பிள்ளைகள் சிரிக்கின்றனர். அவனும் சிரிக்கிறான். அதனைக் கண்ட ஆசிரியர் அவன் மனம் நோகவில்லை என்று முடிவு செய்துகொண்டு அடுத்த பத்திக்குச் செல்கிறார். மறுநாள் உரக்கப் படிக்க யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்கும்போது, அவன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்க்கிறான்.