துருவும் தர்மமும்

பொய் சொல்வது பாவம் என்பதை ஒப்புக்கொள்ளாதவர் யாருமில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவமா என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பத்து விதமாகப் பதில் சொல்வார்கள். இந்தக் கேள்வியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், அமெரிக்காவின் வடபகுதியில் விற்பனைக்கு நிற்கிற ஒரு பழைய லாரிதான் எனக்கு உதாரணமாக அகப்படுகிறது. தர்ம விசாரத்துக்கு லாரியா என்று சிரிக்க வேண்டாம். விஷயம் அதன் அடியில் இருக்கிறது.

மிச்சிகன், ஒஹாயோ, வெர்மான்ட் போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் பனி பெய்து சாலைகள் உறைந்துவிடும். வண்டிகள் வழுக்காமல் இருப்பதற்காகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். உப்புக் கலந்த நீர், சாதாரண நீரைப் போலச் சைபர் டிகிரியில் உறைவதில்லை. ஆகவே பனிக்கட்டி இளகிப்போகிறது. உயிர்களைக் காப்பாற்றுகிற காரியம்தான். ஆனால் அந்த உப்புநீரைச் சக்கரங்கள் வாரி இறைக்க, அது வண்டியின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கேதான் லாரியின் முழுப் பாரத்தையும் தாங்குகிற இரும்புச் சட்டம் இருக்கிறது. பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. பத்துக் குளிர்காலம் போவதற்குள் துரு இரண்டையும் அரித்துவிடக்கூடும். சட்டம் உள்ளே கூடாக இருந்தால், வெளியே உருப்படியாகத் தெரியும்போதே உள்ளுக்குள் உளுத்துப்போவதும் உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று மனிதனுக்குச் சொல்லி வைத்தார்கள். அதைத் தவறாமல் கடைப்பிடிப்பது இரும்புதான் போலிருக்கிறது!

மேலே பார்த்தால் லாரி புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும். அடியில் ஒரு பூச்சுக் கறுப்புச் சாயம் அடித்துவிட்டால் துரு அதற்குள் ஒளிந்துகொள்ளும். இப்படிச் சாயம் அடிப்பவனைப் பற்றி விவாதமே இல்லை. அவன் கையால் பொய் சொல்கிறான். சாயமும் அடிக்காமல், உண்மையும் சொல்லாமல், சும்மா நிற்கிறானே ஒருவன், அவனைப் பற்றித்தான் கேள்வி.

கேள்வி பழையது. ரோமாபுரியின் சிசரோ கி.மு. 44-ல் தம் மகனை முன்னிறுத்திக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதை எடுத்துக்கொள்கிறார். ஒருவன் வீட்டை விற்கிறான். அதன் படுக்கை அறைகளில் பாம்பு வருகிறது, மரங்கள் மட்டமானவை, எப்போது விழுமோ தெரியாது. இது சொந்தக்காரனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விற்கலாமா? விற்கலாம் என்பது பாபிலோனைச் சேர்ந்த டயோஜனிஸ் என்ற தத்துவ ஆசிரியரின் கட்சி. விற்பவன் யாரையும் வாங்கும்படி கட்டாயப்படுத்தவில்லை; சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் அவர். கூடாது என்பது அவருடைய சீடர் ஆன்டிபேட்டரின் கட்சி. வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி சொல்லாமல் போவதே குற்றம். இது அதைவிட மோசம் என்கிறார். சிசரோ சீடர் பக்கம் சேர்ந்துகொள்கிறார். தனக்குத் தெரிந்ததை, தன் லாபத்துக்காகப் பிறர் அறியாமல் இருக்கட்டும் என்று நினைத்தால் அதுதான் மறைப்பது என்பது அவர் தீர்ப்பு.

தீர்ப்பு எனக்குச் சம்மதமே. ஆனால் அதில் ஒரு சந்து இருக்கிறது. ‘தனக்குத் தெரிந்ததை’ என்ற சொல்தான் அந்தச் சந்து.

அமெரிக்காவில் மத்திய வர்த்தகக் கமிஷன் 1981-ல் ஒரு விதி செய்தது. பழைய வண்டி வியாபாரிகள், தங்களுக்குத் தெரிந்த பெரிய குறைகளை எழுதி வண்டியிலேயே ஒட்டிவைக்க வேண்டும் என்றது. 1982-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் அதை நிராகரித்தது. அப்படி நிராகரிக்கும் அதிகாரம் செல்லாது என்று 1983-ல் நீதிமன்றத்தில் முடிவாயிற்று. ஆனாலும் 1984-ல் விதி திரும்பி வந்தபோது, தெரிந்த குறையைச் சொல்ல வேண்டும் என்ற ஷரத்து மட்டும் அதில் இல்லை. உத்தரவாதம் உண்டா, இல்லை வண்டி இருக்கிறபடியே விற்பனையா என்று ஒட்டினால் போதும்.

காங்கிரஸைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த ஷரத்து இருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? தெரிந்ததைச் சொல் என்று சட்டம் போட்டால், கெட்டிக்காரன் தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பார்ப்பான். அவன் குனியமாட்டான். குனியாதவனுக்குத் துரு தெரியாது. தெரியாதவனைச் சட்டம் என்ன செய்யும்?

கதை எழுதுகிறவனுக்குப் பொய்யன் சுலபமான பாத்திரம். இந்தக் குனியாத மனிதன்தான் கஷ்டமான பாத்திரம். அவன் கெட்டவன் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போகிறான். சத்தியம் செய்யச் சொன்னால், ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று கூசாமல் செய்வான். அதில் பொய்யே இல்லை.

அவனுடைய முகமூடியைக் கழற்றியவர் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். 1877-ல் எழுதிய கட்டுரையில் அவர் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டுகிறார். கப்பல் பழசு. சந்தேகம் வருகிறது, பழுது பார்த்தால் செலவு. எத்தனையோ தடவை போய்வந்த கப்பல்தானே என்று மனத்தைத் தட்டிக்கொடுத்து, கடைசியில் மனப்பூர்வமாக நம்பியே வழியனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது, இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது. அவன் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்ட். மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றவாளியே என்கிறார். அப்படி நம்புவதற்கு அவனுக்கு உரிமை இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. விற்பவனும் ஏழையாக இருக்கலாம். அந்த லாரிதான் அவன் ஆஸ்தி. துருவைச் சொன்னால் விலை பாதியாகிவிடும். உண்மைதான். ஆனால் குறைகிற அந்தப் பாதி என்ன? அது துருவின் விலை. அவன் கையில் இருந்தபோது வந்த நஷ்டம். பேசாமலிருப்பதால் நஷ்டம் மறைந்துவிடுவதில்லை. இன்னொருவன் தலைக்கு மாறுகிறது. அந்த இன்னொருவனும் பெரும்பாலும் ஏழைதான். பணமிருப்பவன் அரிஸோனா போன்ற வறண்ட பிரதேசத்து வண்டியாகப் பார்த்து வாங்கிக்கொள்வான்.

வாங்குபவனையும் சும்மா விடுவதற்கில்லை. விலை மலிவு என்றதும் அவனுக்கும் குனிய மனம் வருவதில்லை. நாளைக்கு அவனே விற்கும்போது, ‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்று சொல்ல அது சௌகரியமல்லவா? இருவரும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டு கைகுலுக்குகிறார்கள். பிறகு ஒருநாள் பிரேக் குழாய் வெடித்தால், எதிரே தெருவைக் கடக்கிறவன் விற்றவனுமல்ல, வாங்கினவனுமல்ல.

அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகா 2015-ல் ஒரு யோசனை சொன்னது: குளிர்காலத்தில் வண்டியின் அடியை அடிக்கடி கழுவுங்கள், பழைய வண்டிகளின் பிரேக் குழாய்களைப் பரிசோதியுங்கள். இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஒரு டார்ச் விளக்கும் சிறு சுத்தியலும் போதும். நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று கேட்கும். உளுத்தது சொத்தென்று கேட்கும்.

தெரிந்ததைச் சொல்வது பாதி நாணயம். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்வது மறு பாதி. முதல் பாதியைச் சட்டமாவது ஒருவேளை கேட்டு வாங்கலாம். இரண்டாவது பாதிக்காகத் தரையில் மண்டியிட்டுக் குனிய வேண்டியவன், யாரும் பார்க்காத இடத்தில், அந்த மனிதன் ஒருவன்தான்.