பீரோவும் தர்மமும்

ஒரு மனிதருக்கு எத்தனை துணி இருந்தால் போதும்? கேள்வி சின்னதுதான். ஆனால் மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு இதைக் கேட்டுப் பாருங்கள்; பெரிய வழக்கே கிளம்பிவிடும். "வெளியே கட்டிக்கொண்டு போக ஒரு புடவை இல்லை" என்று அம்மாள் சொல்வாள். பீரோவின் கதவோ உள்ளிருக்கும் துணியின் நெருக்கத்தால் மூட மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஐயாவின் தட்டு மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. கல்யாணங்களில் வைத்துக் கொடுத்த வேட்டிகள் மடிப்புக் கலையாமல் அங்கே அடுக்கடுக்காகத் தூங்கும்.

"என் பணம், என் துணி, இதில் தர்ம நியாயம் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு பருத்தி டீ ஷர்ட் நம் கைக்கு வந்து சேர்வதற்குள், செடி வளர்வதிலிருந்து கணக்கெடுத்தால், ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறார்கள். சாயம் போன வழியைத் தெரிந்துகொள்ள நொய்யல் ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போயிற்று. குடியானவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். கழிவைச் சுத்திகரிக்கும் நிபந்தனையை நிறைவேற்றாததால், சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே துணி நம்முடையதுதான். ஆனால் அதற்காகக் கெட்ட தண்ணீர் நம்முடையது அல்ல.

இதற்காகத் தியாகராய நகரைத் திட்டப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1928-இல் நல்லி சின்னசாமிச் செட்டியார் அங்கே கடை வைத்த நாள் முதல், தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் பாதி பனகல் பார்க்கைச் சுற்றித்தான் நிச்சயமாகின்றன என்று சொன்னால் தப்பில்லை. தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவில் நெரிபடும் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை குழந்தைக்குப் புதுச் சட்டை எடுக்க வரும் கொத்தனாரின் சந்தோஷத்தில் குற்றம் காண நாம் யார்?

இங்கேதான் சிக்கல். "கைத்தறி வாங்குங்கள், இயற்கைச் சாயம் போட்டதை வாங்குங்கள்" என்று நல்லவர்கள் உபதேசிக்கிறார்கள். உபதேசம் சரியானதே. ஆனால் அப்படிப்பட்ட சட்டை ஒன்றின் விலை, ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்று புடவை விரித்துப் போடும் பெண்ணின் பல நாள் கூலிக்குச் சமமாக இருக்கிறது. அந்தப் பெண் உட்காருவதற்கு ஓர் ஆசனம் போடவேண்டும் என்று சட்டத்தைத் திருத்துவதற்கே நமக்கு 2021 வரை ஆயிற்று. அவளிடம் போய், "மலிவுத் துணி உடுத்தாதே அம்மா, ஆறு கெட்டுப்போகிறது" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்தச் சங்கடம் புதியது அல்ல. 1921 செப்டம்பரில் மகாத்மா காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனார். உடன் வந்த பிரயாணிகளிடம் கதர் உடுத்தும்படி சொன்னார். கதர் விலை அதிகம், தாங்கள் ஏழைகள் என்று அவர்கள் தலையசைத்துவிட்டார்கள். காந்திஜி அவர்களோடு வாதாடி ஜயித்திருக்கலாம். அவர் செய்தது வேறு. செப்டம்பர் 22-ஆம் தேதி, மதுரை மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், தம் உடையை அரைத் துணியும் ஒரு மேல்துண்டுமாகக் குறைத்துக்கொண்டார். அக்டோபர் 31 வரைக்குமாவது என்று ஆரம்பித்த விரதம், 1948-இல் அவர் மறையும் வரையில் நீடித்தது. மற்றவர்களும் அப்படியே உடுத்தவேண்டும் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இல்லாதவர்களுக்கு உபதேசம் செய்யாமல், இருக்கிற தாம் குறைத்துக்கொண்டார். கட்டுப்பாடு என்பது அதைத் தாங்கக் கூடியவனிடமிருந்து தொடங்க வேண்டும். இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தில் தர்மத்தைச் சொல்ல முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, எல்லாரும் குறைத்துக்கொண்டால் நெசவாளியின் கதி என்ன? தறி நின்றுபோகாதா? இந்த ஆட்சேபத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 ரூபாய்ப் புடவையைப் பத்துத் தடவை உடுத்தி ஒதுக்கினால், தடவைக்கு 60 ரூபாய். 3,000 ரூபாய்க் கைத்தறியை நூறு தடவை உடுத்தினால், தடவைக்கு 30 ரூபாய். ஐந்து மலிவுப் புடவைக்குப் போகும் அதே பணம் ஒரு நல்ல புடவைக்குப் போனால், நெசவாளிக்கு நஷ்டமில்லை. குறையவேண்டியது உருப்படிகள், நெய்தவன் கூலி அல்ல. 3,000 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாதவர்களுக்கென்றே, 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற நெசவாளர் சங்கங்கள் மாதச் சேமிப்புத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. மாதா மாதம் அதைக்கூடக் கட்ட இயலாதவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் குறைப்பதற்கு என்ன வைத்திருக்கிறார்கள்?

"பழையதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோமே!" என்று சிலர் திருப்தி அடைகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் போய் இறங்கிய பழந்துணி, எடுப்பாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. துன்பப்பட்டவனுக்கும் மானம் உண்டு. நம் பீரோவைக் காலி செய்வதற்கு அவன் ஏற்பட்டவன் அல்ல.

நம் பாட்டிமார்கள் இதையெல்லாம் தத்துவமாகப் பேசவில்லை. வேட்டி நைந்தால் துண்டு. துண்டு நைந்தால் பிறந்த குழந்தைக்கு விரிக்கும் துணி. அதன்பின் அடுப்படியில் கைப்பிடித் துணி. கடைசியில் விளக்குத் திரி. நூல்புடவை தூளியாகும். ஒவ்வொரு வயதிலும் துணிக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. இன்றைய பாலியெஸ்டரைத் திரியாகவும் போட முடியாது, தரை துடைக்கவும் முடியாது. தண்ணீரை உறிஞ்ச மாட்டேன் என்கிறது. ஓய்வுபெற்ற பிறகு எந்த வேலைக்கும் லாயக்கில்லாத துணியை வாங்கும்போதே இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

தைத்துப் போட்டுக்கொள்ளவும் வழியில்லாமல் இல்லை. கிழிசல் தைப்பதற்கென்றே மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தையற்காரர்கள் சென்னைத் தெருவோரங்களில் இன்னும் இருக்கிறார்கள். பின் ஏன் தயங்குகிறோம்? பணத்தினால் அல்ல, பயத்தினால். யாருக்குப் பயம்? "போன கல்யாணத்திலும் இந்தப் புடவைதானே கட்டிக்கொண்டு வந்தாய்?" என்று கேட்கும் ஒரு நாக்குக்கு. பாதி பீரோவை நிரப்புவது அந்த ஒரு வாக்கியம்தான். கடைக்காரரோ விளம்பரமோ அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாக்கு வேறு யாருடையதும் அல்ல. பந்தியில் உட்கார்ந்திருக்கும் நம்முடையதுதான்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்கிறது பழமொழி. கந்தையைப் பற்றி அதற்குக் கவலையில்லை, கசக்குவதைப் பற்றித்தான். ஆகையால் துணியைக் குறைக்கும் விரதத்தை நாக்கிலிருந்து தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். அடுத்த முகூர்த்தத்தில் ஒரு பெண் அதே அரக்குப் பட்டில் வந்து நின்றால், "எத்தனை வருஷமாய் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாய், அம்மா!" என்று சொல்லிப் பாருங்கள். அவள் முகம் மலரும். அவளுக்குப் பின்னால் காப்பி டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கும் நாலு பேர், அந்த மாதம் தியாகராய நகருக்குப் போவதை ஒத்திப் போடுவார்கள்.