சர்வேசுரனிடம் முறையிடுவது பாவமா?



"சாமி, ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது, இது சாவான பாவமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கரையில் வாழ்கிற நமக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள் ஞாயிறு காலையில், கடல் எழும்பி வந்து நம் ஊர்களை வாரிக்கொண்டுபோனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வேளாங்கண்ணி மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர்களும் அதில் அகப்பட்டார்கள். அன்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய், "ஏன் ஆண்டவரே?" என்று இன்றும் கேட்டால், "எல்லாம் சர்வேசுரன் சித்தம், அப்படிப் பேசாதே அம்மா" என்று அவள் வாயை அடைத்துவிடுகிறோம்.

வேதாகமம் அப்படி வாயை அடைக்கிறதா? 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுகையும் முறையீடுமே. 13-ம் சங்கீதம், இது எந்நாள் மட்டும் என்று நான்கு முறை கேட்கிறது. 69-ம் சங்கீதம், தண்ணீர் கழுத்துமட்டும் ஏறிவிட்டதென்று அலறுகிறது. 88-ம் சங்கீதமோ ஆறுதலின்றி, இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை ஒளித்து வைக்கவில்லை. குருக்களும் கன்னியரும் வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்தில் அதைச் சொல்லுகிறார்கள். சேசுநாதர் சுவாமியும் சிலுவையில் தொங்குகையில், தாம் கைவிடப்பட்டதாக முறையிடும் 22-ம் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளையே தம் செபமாகச் சொன்னார். அவர் சொன்னது பாவமாகுமா?

ஆனால் முறையிடுவது வேறு, முறுமுறுப்பது வேறு. வனாந்தரத்தில் இஸ்ராயேல் மக்கள் சர்வேசுரனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, தங்கள் கூடாரங்களுக்குள் அவரைப்பற்றிக் குறை பேசினார்கள். சங்கீதக்காரரோ அதே குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்லுகிறார். இருள் சூழ்ந்த அந்த 88-ம் சங்கீதமும், அவரைத் தன் இரட்சகர் என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. கோபம் வருவதில் அல்ல, அவரோடு பேச்சை நிறுத்திவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நம் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது, "என்னைத் தனியே விட்டுப் போனாயே" என்று இறந்தவரையே கேட்கிறார்கள். அதைக் கேட்டு, அவளுக்குப் புருஷன்மேல் அன்பில்லை என்று யாராவது சொல்வார்களா? உறவும் உரிமையும் உள்ள இடத்தில்தான் அப்படிக் கேட்க முடியும். வழிப்போக்கனிடம் யாரும் கேட்பதில்லை.

யோபு ஆகமத்தைப் பாருங்கள். யோபு கசந்து பேசினார், சர்வேசுரனோடு வழக்காடினார். அவருடைய சிநேகிதர்களோ சர்வேசுரனுக்காகப் பரிந்து பேசி, யோபுவையே குற்றவாளியாக்கினார்கள். முடிவில் சர்வேசுரன் யோபுவையும் கேள்வி கேட்டுத் தாழ்த்தினார். ஆயினும் தம்மைப்பற்றிச் சரியாய்ப் பேசினவர் யோபுதான் என்று தீர்ப்புச் சொல்லி, அந்தச் சிநேகிதர்களைக் கடிந்துகொண்டார். ஏழு பகலும் ஏழு இரவும் அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அது நல்ல காரியம். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

"ஏன்?" என்ற கேள்விக்குச் சங்கீதங்கள் விடை சொல்வதில்லை. நானும் விடை இருப்பதாகப் பாவனை செய்யமாட்டேன். அந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை மட்டும் அவை கற்பிக்கின்றன.

ஆகையால், மனம் கசந்திருப்பவர்கள் இந்த வாரம் ஜெபமாலை முடிந்தபின் 13-ம் சங்கீதத்தை மெதுவாய் வாசியுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பேச்சிலேயே உங்கள் துயரத்தை அவரிடம் கொட்டுங்கள். மனம் ஆறாமற்போனாலும் மறுநாளும் வாருங்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்களோ, உபதேசம் செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள். அழுகிறவர்களை அழவிடுங்கள்; அவர்கள் குரல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகட்டும்.