யாத்திரையும் கைப்பொருளும்

கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இராமேசுவரம் சென்று, அக்கினி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடிவர வேண்டுமென்று ஆண்டு முழுவதும் எண்ணியிருந்த குடும்பத்தலைவர், வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடைப் பாக்கியும் ஒன்றுகூடி அந்த எண்ணத்தை மறு ஆண்டுக்குத் தள்ளும்போது, பணமுடையோடு ஒரு பாவ உணர்ச்சியையும் சேர்த்தே சுமக்கிறார். பிரார்த்தனையை நிறைவேற்றாத குற்றம் தம்மைச் சேரும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்கு நம் சமயத்தில் ஆதாரம் இல்லை என்பது என் துணிபு.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் தீர்த்தங்களின் மகிமையைப் பீஷ்மருக்கு எடுத்துரைக்கும் புலஸ்திய முனிவர், பலவகைத் திரவியங்களை வேண்டி நிற்கும் யாகங்கள் அரசர்க்கும் செல்வர்க்குமே கைகூடுவன என்றும், வறியவனும் செய்யத்தக்கதாய் அவற்றினும் மேலான பலனைத் தருவது தீர்த்தயாத்திரையே என்றும் கூறுகிறார். ஏழையின் யாகமென்று வகுக்கப்பட்ட அதுவே இன்று பயணக் கட்டணத்தாலும் விடுதி வாடகையாலும் அவனுக்கு எட்டாததாகிவிட்டதென்றால், அந்தக் குறை அவனுடைய பக்தியில் இல்லை. முற்காலத்தில் சேதுவாகிய இராமேசுவரத்தை நோக்கி நடந்தவர்களுக்குச் சோறும் படுக்க இடமும் தந்த சத்திரங்களைத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகக் கட்டிவைத்தார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. காசிக்குப் போகும் தமிழர்க்காக நகரத்தார் அங்கே சத்திரம் அமைத்தார்கள். ஒருவனுடைய யாத்திரையைப் பலருடைய தர்மம் தாங்கிய காலம் அது.

திருநின்றவூர்ப் பூசலார் பொருளில்லாமையால் மனத்திலேயே ஆலயம் எழுப்ப, காஞ்சியில் கற்றளி கட்டிய அரசன் காடவர்கோன் தன் குடமுழுக்கு நாளை மாற்றிக்கொள்ளும்படி இறைவன் பணித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. வறியவர்க்கு இது பெருந்தேறுதல். ஆயினும், இருக்கிறவர் இல்லாதவரைப் பார்த்து, "நீ மனத்தாலேயே போய்வா" என்று உபதேசிப்பதற்கு இதைக் கருவியாக்குவது அழகன்று. அந்தக் கதையில் திருநின்றவூருக்குத் தேடிச் சென்று, பூசலாரின் அடியில் வீழ்ந்து வணங்கியவன் அரசனே.

போக இயலாதபோது மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து பூஜையறையில் வைத்து, "காலம் கூடும்போது வருகிறோம்" என்று தெய்வத்தினிடம் தவணை கேட்ட நம் பாட்டிமார், வட்டிக்குக் கடன் வாங்கி யாத்திரை போனவர்களைவிட தர்மத்தை நன்கு அறிந்தவர்கள். ஆதலால், கையில் பொருளில்லாதவர்கள் அஞ்சாமல் காத்திருங்கள். பொருளுள்ளவர்கள் உங்கள் குடும்பத்துக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது, போக வழியில்லாத ஓர் அயல்வீட்டாருக்கும் சேர்த்து எடுங்கள்.