அனாமத்துக் கணக்கு

சொட்டு மருந்து கொடுத்த மூன்றாம் நாள் ஒரு குழந்தை இறந்துபோகிறது. மருந்துதான் கொன்றது என்கிறாள் தாய். அவளுக்கு நாம் என்ன பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்?

இது வெறுங்கற்பனை அன்று. வயிற்றுப்போக்கைத் தடுக்க 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்ற சொட்டு மருந்து, அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அது குடல் செருகலை உண்டாக்கியது. சட்டைக் கை உள்ளே மடிந்துகொள்வதுபோல் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் புகுந்துகொள்ளும் நோய் அது. குழந்தை காலை மடக்கி வீறிடும்; வாந்தி எடுக்கும்; மலத்தில் ரத்தம் கலந்து வரும். மருந்தே குடிக்காத குழந்தைக்கும் இது வருவதுண்டு என்பதுதான் சிக்கல்.

ஆகவே, எதைக் குடல் செருகல் என்பது என்று முதலில் வரையறுக்க வேண்டும். 2000-ல் தொடங்கிய பிரைட்டன் கொலாபரேஷன் என்னும் பன்னாட்டுக் குழு இத்தகைய வரையறைகளை வகுத்து வருகிறது. அதன் விதிகளில் ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். என்ன நோய் என்று தீர்மானிக்கும்போது மருந்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. எதனால் வந்தது என்பது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. வரையறையை எழுதியதோடு விடவுமில்லை. வியட்நாமிலும் ஆஸ்திரேலியாவிலும் குழந்தைகளிடம் சரிபார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். விதி தளர்ந்தால் சாதாரண வயிற்றுவலியும் உள்ளே வந்துவிடும். இறுகினால் உண்மையான நோயாளி வெளியே நிற்பான்.

நிச்சயத்துக்கு ஏற்பப் படிகளும் உண்டு. அறுவை சிகிச்சையிலோ ஸ்கேனிலோ தெளிவாகக் கண்டது முதற்படி. நெற்குப்பையில் ஓர் ஆச்சியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “படம் எடுக்க முந்தியே பிள்ளை போயிட்டா எந்தப் படியில வைப்பீக தம்பி?” என்று கேட்டார்.

“நாலாவதில், ஆச்சி. சான்று போதவில்லை என்று.”

“அனாமத்துன்னு சொல்லுங்க!”

வட்டிக்கடைக் கணக்குப் பார்த்த குடும்பத்துப் பெண் அல்லவா! யாருடையது என்று தெரியாத தொகையைப் பேரேட்டில் அனாமத்தில் வைப்பார்கள். விவரம் தெரியும்வரை அது அங்கேயே இருக்கும். அதை அடித்துவிட்டால் கணக்கப்பிள்ளைக்கு வேலை போய்விடும். ‘இது அந்த நோயே அன்று’ என்பது ஐந்தாம் படி. நாலாவதை ஐந்தாவதாகப் படிப்பதுதான் நம் அலுவலகங்களில் எளிதாக நேரக்கூடிய அநீதி.

நம் நாட்டில் ரோட்டாவேக் மருந்து வந்தபின், 2016 ஏப்ரல் முதல் 2019 ஜூன் வரை 27 மருத்துவமனைகளில் குடல் செருகல் கண்ட குழந்தைகளைப் பதிவுசெய்து, முதற்படிச் சான்று உள்ளவர்களையே ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்து குடித்ததை அடுத்த நாட்களையும் மற்ற நாட்களையும் ஒப்பிட்டதில், ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. நான் அதை நம்புகிறேன். என் வீட்டுக் குழந்தைக்கும் தயங்காமல் கொடுப்பேன். ஆனால் மருத்துவமனை வாசலை மிதித்த குழந்தைகள்தாம் அந்தக் கணக்கில் வந்தவர்கள். தவிர, மருந்து பொதுவாக ஆபத்தைக் கூட்டவில்லை என்பதும், இந்த ஒரு குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதும் வேறு வேறு. தாய் கேட்பது இரண்டாவதை.

கிராமத்துச் செவிலியர் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குழந்தை எப்போது வீறிட்டது, வாந்தி என்ன நிறம், மலத்தில் ரத்தம் இருந்ததா என்று கேட்டு, அவள் சொன்னபடியே எழுதிவரட்டும். அதன்பின் அந்தத் தாளின் அடியில் ‘சான்று போதவில்லை’ என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றும் கேட்காமலே ‘தொடர்பில்லை’ என்று முத்திரை குத்துவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.