சிற்றிலும் பூந்தொட்டியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கடல்கடந்து வாழும் அடியார்கள் அடியோங்களிடம் அடிக்கடி விண்ணப்பிக்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஸ்வாமி, எங்கள் பெண்குழந்தை திருப்பாவை சந்தைக்கு உட்கார மறுக்கிறாள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நாள் முழுதும் பொம்மைவீடு ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குத் திரை தைப்பதும், சுவருக்கு வண்ணம் தீட்டுவதும், மொட்டைமாடியில் பூச்செடிக்குத் தண்ணீர் விடுவதுமாகவே பொழுதைப் போக்குகிறாள். இதை எப்படித் திருத்துவது?" என்பதே அது. கேட்பவர்களின் கவலை உண்மையானது. ஸம்ப்ரதாயம் அடுத்த தலைமுறைக்குச் சேருமா என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை செய்யும் இரண்டு காரியங்களும் யாருடைய காரியங்கள் என்று முதலில் பார்க்கவேண்டும். வீடு கட்டி விளையாடியவள் நம் ஆண்டாள். செடிக்கு நீர் வார்த்தவர் அவளுடைய திருத்தகப்பனார்.

நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும் சிற்றில் பற்றியது. அதற்கு முந்தைய திருமொழியில் காமனை நோக்கி நோன்பு நோற்றாள். இதிலோ ஆய்ச்சிறுமியர் கூட்டத்தில் ஒருத்தியாய் நின்று, பங்குனி மாதத்துத் தெருவிலே மணல்வீடு கட்டுகிறாள். அந்தப் பத்துப் பாசுரங்களையும் ஒருமுறை நிறுத்திப் படித்தால், கட்டுமானத்தின் விவரங்களில் அவள் எவ்வளவு கருத்தாய் இருக்கிறாள் என்பது தெரியும். மணலை அப்படியே அள்ளிக் குவிக்கவில்லை. வெண்மையான நுண்மணலைத் தேர்ந்து, தெள்ளி எடுக்கிறார்கள். கையில் வளை கிடப்பதையும் பாராமல் உழைக்கிறார்கள். முதுகு நோகிறது. முறமாகிய சுளகும், வாய்வட்டமான தூதை என்னும் சிறு மண்கலமும் துணைக்கருவிகள். கட்டியதோடு விடவில்லை, பார்ப்பவர் வியக்கும்படி கோலமிட்டு அழகும் செய்கிறார்கள். இன்று அட்டைப்பெட்டியில் ஜன்னல் வெட்டி, தீப்பெட்டியில் கட்டில் செய்து, பழம்புடவைக் கரையில் திரை தைக்கும் குழந்தையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெரியவர்கள் அதைப் பொழுதுபோக்கு என்கிறோம். ஆண்டாள் அதைச் சிரமம் என்றே பேசுகிறாள்.

அவ்விடத்தில் எம்பெருமான் வருகிறான், அழிக்க. சிறுமியர் தடுக்கிறார்கள். தடுக்கும்போது அவர்கள் அவனை அழைக்கும் திருநாமங்களைக் கவனிக்கவேண்டும். கடலை அடைத்து இலங்கையை அழித்த சேவகன் என்கிறார்கள். சேதுவைத் திருத்தியவன் என்கிறார்கள். ஒரு பெண்பிள்ளையின் கண்ணீருக்காகக் கடலில் அணை கட்டியவன் நீ. பல பெண்பிள்ளைகள் கண்ணீர் விடும்படி ஒரு சிறு வீட்டை இடிக்கலாமா என்பது உட்கருத்து. கட்டுவதும் இடிப்பதும் இரண்டுமே அவனுக்குக் கைவந்தவை என்பதை இவர்கள் அறிவார்கள். அறிந்தே கெஞ்சுகிறார்கள்.

ஒன்பதாம் பாசுரத்தில் பேச்சு மாறுகிறது. அவன் முற்றத்துக்குள் புகுந்து, முகத்தைக் காட்டி, புன்முறுவல் செய்கிறான். சிற்றிலோடு சேர்த்து நெஞ்சையும் இடித்துவிடுவாய் போலிருக்கிறதே என்கிறார்கள். மணல்வீடு இடிந்தால் நாளைக்குக் கட்டலாம். நெஞ்சு இடிந்தால் கட்டுவதற்கு ஆளில்லை.

இதற்கு எதிர்த்தட்டாக வைத்து அநுபவிக்கவேண்டியது திருவாய்மொழி ஆறாம்பத்து இரண்டாம் திருவாய்மொழி. அங்கே நம்மாழ்வார் பராங்குச நாயகியாய் ஊடி நிற்கிறார். நாங்கள் கட்டிய சிற்றிலையும் அட்ட சிறுசோற்றையும் திருவடியால் அழித்தாயே தவிர, அதைப் பார்த்து முகமலர்ந்து முறுவலித்து நிற்கவில்லையே என்பது அங்குள்ள குறை. ஆண்டாளுக்கு அவன் முறுவலித்ததே ஆபத்து. ஆழ்வாருக்கு அவன் முறுவலிக்காததே ஆபத்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அடியோங்களுக்குத் தோன்றுவது ஒன்று: இந்தச் சிறுமியர் வீடு கட்டியது வீட்டுக்காக அன்று. யாரோ ஒருவன் வந்து நின்று பார்க்கவேண்டும் என்பதற்காக. குழந்தை பொம்மைவீட்டை முடித்தவுடன் "அம்மா, வந்து பாரேன்" என்று கையைப் பிடித்து இழுப்பதில்லையா? அதுதான் ஆழ்வாரின் ஊடலில் இருக்கும் பொருள். அந்த நேரத்தில் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காத பெற்றோர், தகவில்லாதவன் என்று ஆழ்வாரிடம் பேச்சுக் கேட்ட கண்ணனுடைய வரிசையில்தான் நிற்கிறார்கள்; அவனுடைய அழகுமட்டும் அவர்களுக்கு இல்லை.

சிற்றில் என்ற சொல்லை வடசென்னையில் நின்று சொல்லும்போது அது விளையாட்டாக மட்டும் இருப்பதில்லை. இராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை நீளும் கடலோரத்தில் வீடு இழந்த குடும்பங்கள் பல. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுந்தன. கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தடைப்பட்டு நின்றது. அங்கே மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. தெருக்கள் போயின, கோயில்கள் போயின, மீனவர் குடியிருப்புகள் பின்வாங்கின. இன்று அந்தக் கரை நெடுகக் கருங்கற்கள் கொட்டியிருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் வீட்டுச்சுவரும் கறுத்துப்போயின.

இதையெல்லாம் எம்பெருமானுடைய லீலை என்று சொல்லிக் கைகழுவ அடியோங்கள் துணியமாட்டோம். மனிதர் கட்டிய சுவரால் மணல் நின்றது. மனிதர் சேர்த்த எண்ணெய் பரவியது. அவற்றுக்கு மனிதரே பொறுப்பு. திருவடி பட்டு இடிந்த சிற்றிலும், கடல் புகுந்து இடிந்த வீடும் ஒன்றாகா. ஆனால் இந்தக் கரையில் வாழும் ஒருவர் இரண்டாம் திருமொழியைச் சேவிக்கும்போது, சேதுவைத் திருத்தியவனே என்ற விளி அவர் நாவில் எவ்வளவு கனமாக விழும் என்பதை மட்டும் மற்ற ஊர் அடியார்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். திருவொற்றியூர்க் கடற்கரையில், கொட்டிய கருங்கற்களின் இடுக்கில் கிடந்த ஒருபிடி மணலில் இரு சிறுமியர் கிளிஞ்சலால் மதில் வைத்து வீடு கட்டுவதை அடியோங்கள் கண்டதுண்டு. அலை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். வீடு போன குடியில் பிறந்த குழந்தைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை போலும்.

இனி, பொம்மை என்று நாம் இகழ்வதைப் பூருவாசாரியர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஓர் ஐதிஹ்யம் உண்டு. எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளிக்கொண்டிருந்தார். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மண்ணிலே காலால் கீறி ஓர் உருவம் வரைந்து, இதோ உங்கள் பெருமாள் என்றார்கள். உடையவர் கையிலிருந்த பாத்திரத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, அந்தத் தெருமண்ணிலே தண்டனிட்டார். தமர் எந்த உருவத்தை உகக்கிறார்களோ அந்த உருவமே தன் உருவமாக அவன் கொள்கிறான் என்பது முதல் திருவந்தாதியில் பொய்கையாழ்வார் காட்டும் அர்த்தம். அதற்கு உதாஹரணமாகப் பெரியோர்கள் இந்த ஐதிஹ்யத்தைச் சொல்லுவார்கள். பிள்ளைகள் கேலியாகச் சொன்னார்களா, மெய்யாகச் சொன்னார்களா என்று உடையவர் ஆராயவில்லை என்பதே இதில் பெரிய ரஸம். ஆராய்ந்திருந்தால் தண்டனிடும் கணம் தவறிப்போயிருக்கும்.

அர்ச்சாவதாரம் பொம்மை அன்று, அவனே. ஆயினும் பொம்மைக்கு நேர்வதெல்லாம் அவனுக்கு நேரும்படி இசைந்து நிற்கிறான். நாம் நீராட்டும்போது நீராடுகிறான், நாம் உடுத்தியதை உடுக்கிறான், நாம் கண்வளரப்பண்ணும்போது கண்வளர்கிறான். ஸர்வஸ்வதந்த்ரன் இப்படிப் பரதந்த்ரனாய் நிற்பதை வியக்காத ஆசாரியர் இல்லை.

இதே திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. காலெட்பேட்டை என்பதே மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. காஞ்சி வரதனைச் சேவித்தபிறகே அலுவலுக்கு வரும் பணியாளர் ஒருவருடைய பக்தியைச் சோதித்து அறிந்து, அவர் பொருட்டு அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் ஸந்நிதி எழ அந்த ஆளுநர் உதவினார் என்று தலவரலாறு கூறுவர். தொலைவிலிருந்த வரதன் அடியானுடைய தெருவுக்கே எழுந்தருளினான். இதே காலெட், சென்னைக்கு வந்த 1716-ம் ஆண்டில், அமோய் சின்குவா என்ற சீனக் கைவினைஞரைக் கொண்டு தன் உருவத்தைக் களிமண் பொம்மையாகச் செய்வித்து, இங்கிலாந்தில் இருந்த தன் மகளுக்கு அனுப்பினார். வண்ணம் தீட்டிய அந்தப் பொம்மை இப்போது இலண்டனில் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. பிரிந்திருக்கும் மகள் கண்ணால் கண்டு ஆறட்டும் என்று ஒரு தகப்பனார் தம்மைச் சிறிதாக்கிக் கடல்கடந்து அனுப்பினார். அந்தப் பொம்மைக்குள் அவர் இல்லை. நம் வீட்டுக் கோயிலாழ்வாரில் எழுந்தருளியிருப்பவனோ முழுவதும் அங்கே இருக்கிறான். வேற்றுமை அவ்வளவே, ஆனால் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

நந்தவனத்துக்கு வருவோம். பெரியாழ்வார் திருமொழியில் யசோதைப்பிராட்டி கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பதிகத்தில் செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று எட்டுப் பூக்கள் வருகின்றன; இடையே மருவும் தமனகமும் உண்டு. நந்தவனத்தில் கைவைத்து வேலை செய்தவரின் பட்டியல் இது. இவற்றில் மல்லிகையும் பாதிரியும் வேனிலில் மலர்பவை. திருவரங்கத்தில் கோடைத்திருநாளைப் பூச்சாற்று உத்ஸவமாகக் கொண்டாடுவதும் அந்தக் காலத்துக்குப் பொருந்தியதே. வெயில் ஏற ஏற மல்லிகை மிகுகிறது. வெயில் ஏற ஏற அவன் திருமேனிக்குக் குளிர்ச்சியும் வேண்டியிருக்கிறது.

வடசென்னையில் இதைச் செய்வது எளிதன்று. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக்கரிக்கும். கடற்காற்று தளிரைக் கருக்கும். அனல்மின் நிலையமும் கரி ஏற்றிய லாரிகளும் உள்ள பக்கத்தில் இலைமேல் கரும்பொடி படியும். அங்குள்ள அடியார்கள் செய்வது இது: குழாயிலோ லாரியிலோ வரும் நல்ல தண்ணீரில் ஒருபங்கைச் செடிக்கென்று எடுத்துவைக்கிறார்கள், அரிசி களைந்த நீரை வீணாக்குவதில்லை, வாரம் இருமுறை இலைகளைக் கழுவிவிடுகிறார்கள், தொட்டிமண்மேல் தென்னைநாரோ சருகோ பரப்பி ஈரம் காக்கிறார்கள். கார்த்திகை மார்கழியில் மல்லிகையைக் கவாத்து செய்தால்தான் பங்குனி சித்திரையில் அரும்பு கட்டும். அரும்பை விடியலில் பறித்து, வாழைநாரில் தொடுத்து, ஈரத்துணியில் வைத்தால் மாலைத் திருவாராதனத்தின்போது திருமார்பிலேயே விரியும். இடம் உள்ளவர்கள் ஒரு புன்னை வைக்கலாம். யசோதையின் பட்டியலில் உப்புக்காற்றுக்கு அஞ்சாத நெய்தல் மரம் அதுவே. துளசிக்கு மட்டும் உச்சிவெயிலில் சிறிது நிழல் வேண்டும்.

நீர் குறைந்த ஊரில் செடிக்கு நீரா என்று கேட்பவர்களுக்கு ஒரு குடத்தின் கணக்குச் சொன்னால் போதும். நான்கு தொட்டிக்கு அதற்குமேல் தேவையில்லை. அந்தக் குடத்தையும் அடுத்த வீட்டாருக்கு இல்லாதபோது எடுக்கக்கூடாது. பாகவதர் தாகம் தீர்ப்பதற்குப் பிற்பட்டதே பூ.

திருமலையில் அனந்தாழ்வான் நந்தவனம் அமைத்த வரலாறு எல்லாரும் அறிந்தது. உடையவர் காலக்ஷேப கோஷ்டியில் திருவேங்கடத்துப் புஷ்ப கைங்கர்யத்துக்கு யார் போவார் என்று கேட்க, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சாமல் எழுந்தவர் அவர் ஒருவரே. ஏரி வெட்டும்போது கருவுற்றிருந்த தேவிகள் மண்சுமக்க, சிறுவனாய் வந்து கூடை வாங்கினவனை அவர் விரட்டினார். கடப்பாரை பட்டுத் திருமுகவாய் காயமுற்றது. இன்றும் திருவேங்கடமுடையான் அங்கே பச்சைக்கற்பூரம் சாற்றிக்கொள்கிறான். இதை அனந்தாழ்வானின் கோபமாக மட்டும் சிலர் சொல்லுவார்கள். அடியோங்கள் அப்படிக் கொள்வதில்லை. தன் கைங்கர்யத்தில் பங்குகேட்க வந்தவனை விரட்டினார். வந்தவன் பெருமாளேயானாலும் விரட்டுவார். பொம்மைவீட்டுக்கு நாம் ஒரு கதவு ஒட்டிக்கொடுக்கப் போனால் "நானே ஒட்டுவேன்" என்று குழந்தை நம் கையைத் தட்டிவிடுகிறதே, அந்தப் பிடிவாதத்தின் முற்றிய வடிவம் அது.

ஆகவே அந்தப் பெற்றோருக்கு அடியோங்கள் விண்ணப்பிப்பது இது. சந்தைக்காகப் பொம்மைவீட்டைப் பிடுங்கவேண்டாம். வீட்டின் ஓர் அறையைப் பெருமாளுக்கு ஒதுக்கினாளா என்று கேளுங்கள். குழந்தைகள் பெரும்பாலும் சமையலறையை முதலில் வைப்பார்கள், அது சிறுசோற்றுக்கு ஆயிற்று. இரண்டாம் திருமொழியை அந்த வீட்டின் முன்னே உட்கார்ந்து சேவியுங்கள். சுளகு எது, தூதை எது என்று சொப்புச் சாமானில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியில் பூத்த மல்லிகை முதலில் கோயிலாழ்வாருக்குப் போகட்டும். மறுநாள் காலையில் களைந்த அந்தச் சரத்தை, துளசி இதழ்களைப் பிரித்துவைத்துவிட்டு, மரப்பாச்சிக்குச் சூட்டிக்கொள்ளக் குழந்தையிடம் கொடுங்கள். அவன் சூடிக் களைந்ததைச் சூடும் குடியிலே அந்த மரப்பாச்சியும் சேரட்டும். திருவாடிப்பூரத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் அவள் பத்துப் பாசுரத்தையும் தானே சொல்லிக் காட்டுவாள்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்
பெரியாழ்வார் திருவடிகளே சரணம்